மலை ஏறும் வண்டிக்கு எந்த வெந்நீர்? கேஸ், எஞ்சின் சூடு, டீசல், கரண்ட்: ஓர் ஒப்பீடு

படுக்கை, குளியலறை எல்லாம் வைத்துக் கட்டிய கேம்பர் வேன்காரர்கள், இந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். ஒருவர் கோவைக்காரர், சனி ஞாயிறு மட்டும் குடும்பத்தோடு ஊட்டி, கோத்தகிரி என்று ஏறி இறங்குபவர். இன்னொருவர் திருப்பூரில் தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியோடு மாதக்கணக்கில் வண்டியிலேயே சுற்றுபவர். மூன்றாமவர் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் தன் தோட்டத்து ஓரத்தில் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை நிறுத்தி, ராத்தங்க வாடகைக்கு விடுபவர். மூவர் வண்டியிலும் இருப்பது ஒரே சரக்குதான்: நிமிடத்துக்கு ஆறு லிட்டர் என்று பெட்டியில் எழுதியிருக்கும், டேங்க் இல்லாத கேஸ் கீசர். மூவருக்கும் அது சலித்துவிட்டது. "மாத்திடலாம்னு இருக்கேன், எதைப் போடலாம்?"

மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. காரணத்துக்குப் போவதற்கு முன் என் வண்டியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதே மாதிரி கீசரைத்தான் நானும் கீழ்நாட்டில் ஒரு கடையில் மாட்டினேன். குளியலறைக்குள்ளேயே மாட்டிக் கொடுத்தார்கள். கோவையில் சோதித்தபோது கை சுடும் அளவுக்கு வந்தது. ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவுக்குப் பக்கத்தில், விடிகாலை, வெளியே புல்லெல்லாம் உறைபனி. கீசர் பற்றிக்கொண்டது, அணைந்தது, மறுபடி பற்றியது. தலையில் ஷாம்போடு நான் குழாயைத் திருகிக்கொண்டிருக்கும்போது, வண்டிக்குள் மாட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. மனைவி கதவைத் திறந்து கையைப் பிடித்து இழுத்தாள். துண்டோடு பனியில் நின்றேன். கீசரை அதன் பிறகு நான் பற்றவைக்கவே இல்லை.

இறங்கும் வழியில் மேட்டுப்பாளையத்து மெக்கானிக்கிடம் காட்டினேன். பார்த்துவிட்டு அவர் சொன்னது: "ஏனுங்ணா, இது வீட்டு பாத்ரூமுக்கே ஜன்னல் வேணும்ங்கிற சாமான். உங்க பாத்ரூம் பீரோ அளவுதான் இருக்குதுங்க."

## எதை வைத்து எடை போடுவது

விலையைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் மூச்சு. எதை எரித்தாலும், அது எரிவதற்கான காற்று வண்டிக்கு வெளியிலிருந்து வர வேண்டும், புகை வெளியே போக வேண்டும். இதில் தேறாததை மற்ற எதிலும் எடை போட வேண்டியதே இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

அடுத்தது உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100-க்கு மேல், குன்னூர் 1,850 சொச்சம். ஒரு லிட்டர் காற்றில் கோவையில் இருக்கும் ஆக்சிஜனைவிட ஊட்டியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர்கூட அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிக்கு அளவெடுத்த பர்னர் இங்கே காற்றுப் போதாமல் மஞ்சளாக எரியும், கரி கட்டும், விஷவாயுவும் கூடும். கீழே சோதித்து மேலே நம்பினால் என் கதைதான்.

மூன்றாவது, சூட்டின் கணக்கு. இதற்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டால் எல்லா விளம்பரத்தையும் அளந்துவிடலாம். ஜனவரி விடிகாலையில் டேங்க் தண்ணீர் 10 டிகிரி, குளிக்க 40 டிகிரி, ஒரு வாளி 15 லிட்டர். இதற்கு வேண்டிய சூடு, கரண்ட் பில் கணக்கில் சொன்னால், அரை யூனிட். எதில் காய்ச்சினாலும் அரை யூனிட்தான். கேஸாக எரித்தால் வீணாவதையும் சேர்த்து 50 கிராம் சொச்சம், டீசல் என்றால் 65 மில்லி அளவு.

நான்காவது, தண்ணீர். வண்டியில் 80, 100 லிட்டர்தான் இருக்கும். வெந்நீர் வரும்வரை கீழே விடும் ஒவ்வொரு சொம்பும் கணக்கு. கடைசியாக, கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள் என்பது. கூக்கல்துறையில் நிற்கும்போது அதற்கான பாகம் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும் என்றால், அதுவரை பச்சைத் தண்ணீர்தான்.

## இருக்கிற கேஸ் கீசரே போதுமா

இதன் நல்ல பக்கத்தை மறைக்கக்கூடாது. சில ஆயிரம் ரூபாய், இரண்டு பெரிய டார்ச் பேட்டரி, எந்த ஊரிலும் ரிப்பேர். கேஸும் மலிவு: ஐந்து கிலோ சிலிண்டரில் கணக்குப்படி 90 வாளிக்கு மேல் வர வேண்டும்.

வராது. காரணம் சிலிண்டருக்குள் இருக்கிறது. நம் சமையல் கேஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் நம் மலைக் குளிர் எதிலும் ஆவியாகும்; பியூட்டேன் சுழியம் டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் முடங்கிவிடும். சிலிண்டர் திறந்தவுடன் முதலில் அதிகம் போவது புரொப்பேன். பாதி தீர்ந்த சிலிண்டரில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். போதாததற்கு, இந்தக் கீசர் முழு வீச்சில் எரியும்போது மணிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக கேஸ் இழுக்கும். திரவம் அவ்வளவு வேகமாக ஆவியாகும்போது சிலிண்டரே குளிர்ந்துபோகும். முதலில் வேர்க்கும், பிறகு அடிப்பாகத்தில் பனி பூக்கும். அன்றைக்குத் தலைக்குந்தாவில் என் சிலிண்டர் பாதி நிறைந்திருந்தும் கீசர் அணைந்து அணைந்து எரிந்ததற்கு இதுதான் காரணம். சிலர் சிலிண்டர் மேல் கொதிநீர் ஊற்றுவார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொரு குறை, வண்டிக் குளியலுக்கே உரியது. தண்ணீர் மிச்சம் பிடிக்க நாம் நனைவோம், ஷவரை மூடுவோம், சோப்புப் போடுவோம், மறுபடி திறப்போம். டேங்க் இல்லாத கீசருக்கு இந்தப் பழக்கமே எதிரி. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பைப்பில் நின்ற சூடு, பிறகு பற்றுவதற்கு முன் நுழைந்த பச்சைத் தண்ணீர், பிறகு மறுபடி சூடு என்று மாறி மாறி வரும். அத்தோடு 12 வோல்ட் பம்பு விட்டுவிட்டுத் தள்ளும். அழுத்தம் குறையும் நொடியில் கீசர் அணைந்துவிடும். பம்புக்கு அடுத்து ஒரு சிறிய அழுத்தச் சமன் டேங்க் வைத்தால் இது பாதி சரியாகும்.

சுவையான விஷயம், நம்மூர் வாளிக் குளியலுக்கு இந்தக் குறை கிடையாது. ஒரே ஓட்டமாக வாளியை நிரப்பி மூடிவிட்டால் முடிந்தது. அதனால் இதை வைத்துக்கொள்ளவே வேண்டும் என்பவர்களுக்கு ஒரே வழி: கீசரை வண்டியின் பின்கதவுக்கு வெளியே, திறந்த காற்றில் மாட்டி, வாளியில் பிடித்து உள்ளே கொண்டுபோய்க் குளிப்பது. குளியலறைக்குள் மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். சின்ன ஜன்னல் இருக்கிறது, எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது என்ற சமாதானம் எல்லாம் செல்லாது. அந்த ஃபேன் புகையை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக, கீசருக்குள்ளிருந்தே புகையை அறைக்குள் இழுத்துவிடவும் கூடும்.

வீட்டு இணைப்புச் சிலிண்டரை வண்டியில் ஏற்றுவது விதிமீறல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை காட்டி வாங்கும் ஐந்து கிலோ சிலிண்டர் அதற்கென்றே இருக்கிறது. அதை வைக்கும் பெட்டி வண்டிக்குள் திறக்காமல் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தரையில் ஓட்டை வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும்.

## வண்டிக்கென்றே செய்த மூடிய கேஸ் ஹீட்டர்

டேங்க் இல்லாத கீசரில் 'அடுத்த படி' என்று எல்லோரும் காட்டுவது இதைத்தான். வண்டியின் வெளிச்சுவரில் பொருந்தும். காற்றை வெளியிலிருந்தே இழுத்து, ஃபேன் வைத்துப் புகையை வெளியே தள்ளும். சுடர் தானாக ஏறி இறங்கி 40 டிகிரி கேட்டால் 40 டிகிரி தரும். மூச்சுக் கணக்கில் தேறிவிடுகிறது.

வாங்குவதற்கு முன் கையேட்டில் மூன்று வரியைத் தேடுங்கள். எத்தனை மீட்டர் உயரம்வரை என்ற வரி. சில மாடல்களுக்கு ஊட்டி எல்லைக்கு வெளியே. கேஸ் அழுத்தம், அமெரிக்க மாடல்கள் 27 மில்லிபார் சொச்சத்துக்குச் செய்தவை, நம் வீட்டு ரெகுலேட்டர் 30-ஐ ஒட்டித் தருவது. மூன்றாவது, உறைபனிக் காப்பு. மெல்லிய செம்புக் காயிலுக்குள் நின்ற தண்ணீர் ஓர் இரவு உறைந்தால் காயில் வெடித்துவிடும். டிசம்பர், ஜனவரியில் அவலாஞ்சி, தலைக்குந்தாப் பக்கம் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. தண்ணீரைத் தானே வடித்துவிடும் வால்வு இருந்தால் நல்லது, இல்லையென்றால் படுக்கும் முன் வடிக்க வேண்டும்.

சிலிண்டர் குளிர்ந்துபோகும் சிக்கலை இது தீர்க்காது. இறக்குமதி, வரி எல்லாம் சேர்ந்தால் விலை நம் கீசரைப் போலப் பத்து, இருபது மடங்கு போகும். ரிப்பேருக்கு ஆள் தேட வேண்டும். வடக்கே, கோவா, கேரளா என்று எல்லா உயரத்திலும் சுற்றுபவருக்கு நியாயமான செலவு. நீலகிரிக்கு மட்டும் வந்துபோகிறவருக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

## எஞ்சின் சூட்டில் காயும் டேங்க்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் தாமிர பாய்லர் பார்த்திருப்பீர்கள். நடுவில் குழாய், அதில் கரி, சுற்றிலும் தண்ணீர். காலையில் ஒரு தடவை மூட்டினால் வீடே குளித்துவிடும். இந்த டேங்க் அதன் பேரப்பிள்ளை. அடுப்பு மட்டும் உங்கள் எஞ்சின்.

எஞ்சினைக் குளிர்விக்க அதைச் சுற்றிவரும் கூலன்ட் என்ற திரவம் 80, 90 டிகிரி சூட்டில் ஓடுகிறது. அந்தச் சூட்டைத்தான் ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விட்டுக்கொண்டே வருகிறோம். ஹீட்டர் லைனிலிருந்து இரண்டு ஹோஸ் எடுத்து, நன்றாகப் பஞ்சு போர்த்திய 15 லிட்டர் டேங்குக்குள் ஒரு சுருள் வழியாக விட்டால் தண்ணீர் காய்ந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். எஞ்சின் இதைவிடச் சூடாக உழைக்கும் சாலை கிடையாது. ஏறி முடிக்கும்போது டேங்க் 70 டிகிரி தாண்டியிருக்கும். அதை 10 டிகிரித் தண்ணீரோடு விளாவினால் 15 லிட்டர் 30 லிட்டர் ஆகிறது, அதாவது இரண்டு வாளி. எரிபொருள் செலவு கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. புதிதாக நெருப்பு இல்லை, புகை இல்லை, ஊட்டி உயரம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. நிறுத்தி நிறுத்திக் குளித்தாலும் சூடு மாறாது.

குறை எங்கே? வண்டி ஓடினால்தான் வெந்நீர். மாலையில் நிறுத்தினால் இரவு தாராளம். விடிகாலையில் வெதுவெதுப்புத்தான், அதுவும் டேங்கின் பஞ்சு நன்றாக இருந்தால். இரண்டு நாள் ஒரே இடத்தில் நின்றால் ஒன்றும் கிடைக்காது. "சும்மா ஸ்டார்ட் பண்ணி விட்டாப் போச்சு" என்பார்கள். டீசல் எஞ்சின் சும்மா ஓடினால் குளிரில் லேசில் சூடேறாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் சூடேறுவார்.

மறைந்திருக்கும் செலவும் இரண்டு உண்டு. ஒன்று, கூலன்ட் லைனில் கை வைத்தால் புது வண்டிக்கு வாரண்டி போகலாம். ஒரு கிளிப் நழுவினால் பர்லியாறு வளைவில் கூலன்ட் இல்லாமல் நிற்பீர்கள். கை சுத்தமான மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். இரண்டு, சுருள் கசிந்தால் கூலன்ட் வெந்நீரில் கலக்கும், அது விஷம். அந்தத் தண்ணீரைக் காபிக்கோ பாத்திரத்துக்கோ எடுக்கவே கூடாது. 70 டிகிரி நேராகக் குழாய்க்கு வந்தால் குழந்தை கை வெந்துவிடும் என்பதால், சூட்டைக் கட்டுப்படுத்தும் மிக்ஸிங் வால்வும் கட்டாயம்.

இதே டேங்கில் ஒரு கிலோவாட் கரண்ட் காயில் சேர்த்தே வாங்கலாம். ஹோம்ஸ்டே முற்றத்தில் நிறுத்தினால் சாதாரணச் சின்ன பிளக்கிலேயே ஓடும், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனால் டேங்க் முழுக்கக் காயும். எஞ்சின் சூட்டின் பெரிய ஓட்டை இதில் அடைபட்டுவிடுகிறது.

## டீசல் ஹீட்டர்

வண்டியின் டீசல் டேங்கிலிருந்தே குடித்து, தண்ணீரையும் வண்டிக்குள் காற்றையும் சேர்த்துச் சூடாக்குவது. ஊட்டி இரவில் அந்த இரண்டாவது வேலைக்காகவே இதை வாங்குபவர்கள் உண்டு, நானும் பொறாமையோடு பார்த்திருக்கிறேன். சிலிண்டர் தொல்லை இல்லை. நின்ற இடத்தில் எத்தனை நாளும் ஓடும். காற்றும் புகையும் வெளியே.

ஆனால் மெல்லிய காற்று இதையும் விடாது. காற்றுக் குறைந்தும் பம்பு அதே அளவு டீசல் ஊற்றினால் உள்ளே கரி அப்பிக்கொள்ளும். உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைக்கும் வசதி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். மலிவு மாடல்களில் சிலவற்றில் நாமே கைப்பட மாற்ற வேண்டும். மேலே வந்ததும் குறைத்து, கீழே போனதும் கூட்டி என்று நினைவில் வைக்க வேண்டும். பற்றும்போது சில நிமிடம் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், பிறகு அடங்கிவிடும். பம்பு இரவெல்லாம் டக் டக் என்று அடிக்கும். புகைக்குழாய் வாய் ஜன்னலுக்குக் கீழே இருந்தால் விஷவாயு திரும்ப உள்ளே வரும். அலாரம் இதற்கும் வேண்டும்.

## கரண்ட்

டேங்க் இல்லாத மூன்று கிலோவாட் எலக்ட்ரிக் கீசர் சிறியது, விலை குறைவு, புகையே இல்லை. ஆனால் அரை யூனிட் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 10 டிகிரித் தண்ணீரை 40-க்கு ஏற்றினால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்கூட வராது. ஷவரில் சொட்டும். 13 ஆம்பியர் இழுக்கும் என்பதால் சின்ன பிளக்கிலும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரிலும் போடவே கூடாது.

பேட்டரியிலிருந்தா? 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது இரண்டரை யூனிட். நான்கு பேர் குளித்தால் விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் படுத்துவிடும். ஜூலை மாதம் கூடலூர் மழையில் சோலார் அதைத் திருப்பி நிரப்பும் என்று நம்புகிறவரிடம் நான் வாதாடுவதில்லை.

ஒரே இடத்தில் நிற்கும் வண்டிக்கு மட்டும் கதை வேறு. அங்கே 15 லிட்டர் டேங்க் வைத்த கீசர், நல்ல எர்த், தனி பிரேக்கர். இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | மூச்சு | 2,000 மீட்டருக்கு மேல் | நின்ற இடத்தில் | செலவு |
|---|---|---|---|---|
| சாதாரண கேஸ் கீசர் | உள்ளே வைத்தால் ஆபத்து | திணறும் | ஓடும், சிலிண்டர் குளிராத வரை | மிகக் குறைவு |
| மூடிய கேஸ் ஹீட்டர் | பாதுகாப்பு | மாடலைப் பொறுத்தது | ஓடும், சிலிண்டர் குளிராத வரை | மிக அதிகம் |
| எஞ்சின் டேங்க் | புகையே இல்லை | வித்தியாசம் இல்லை | கரண்ட் காயில் இருந்தால் மட்டும் | நடுத்தரம், பிறகு இலவசம் |
| டீசல் ஹீட்டர் | சரியாகப் பொருத்தினால் பாதுகாப்பு | அளவு மாற்ற வேண்டும் | எத்தனை நாளும் | மலிவு முதல் மிக அதிகம் வரை |
| டேங்க் வைத்த எலக்ட்ரிக் கீசர் | புகையே இல்லை | வித்தியாசம் இல்லை | லைன் இருந்தால் | குறைவு |

## யாருக்கு எது

கோவைக்காரருக்கு எஞ்சின் டேங்க், கரண்ட் காயிலோடு. சனிக்கிழமை ஏறுகிறார், இரவு குளிக்கிறார், ஏதாவது ஹோம்ஸ்டேயில் லைன் போட்டுத் தூங்குகிறார். நான்கு பேர் என்பதால் இரண்டு பேர் இரவிலும் இரண்டு பேர் காலையிலும் குளித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கிளம்பும் முன் டேங்கில் சிறுவாணித் தண்ணீர் நிரப்பச் சொன்னேன். போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் சுருளில் வெள்ளையாகப் படிந்து சூடு ஏறாது. என் வண்டியிலும் இப்போது இதே ஏற்பாடுதான்.

திருப்பூர்க்காரருக்கு டீசல். வால்பாறையில் மூன்று நாள், கொடைக்கானலில் ஒரு வாரம் என்று கரண்ட் இல்லாத இடத்திலும் நிற்பவர். மனைவிக்கு மூட்டுவலி என்பதால் இரவில் வண்டிக்குள் சூடும் வேண்டும். கேஸை அடுப்போடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். அவருக்கு மூடிய கேஸ் ஹீட்டர் மேல்தான் ஆசை. நண்பர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாராம். கையேட்டின் உயர வரியைப் படம் எடுத்து அனுப்புங்கள், அப்புறம் பேசலாம் என்றிருக்கிறேன்.

கேத்திக்காரருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. வண்டி நகர்வதே இல்லை, பத்தடி தூரத்தில் வீட்டு மெயின் போர்டு. வருகிறவர்களோ கீசரை எப்படிப் பற்றவைப்பது என்றே தெரியாத விருந்தாளிகள், கதவு ஜன்னலை இறுக்கி மூடிக்கொண்டு குளிப்பவர்கள். அவருக்கு எலக்ட்ரிக் கீசர்தான். போன வாரமே மாட்டிவிட்டார். கழற்றிய கேஸ் கீசரை, வண்டி கட்டும் இன்னொருவர் விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடவா என்று போன் செய்தார். கொடுக்க வேண்டாம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், திறந்த வெளியில் மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.